தெரியாது என்று சொல்லும் கம்ப்யூட்டர்

எங்கள் ஆபீசில் அவர் பெயர் 'அப்புறம் அக்கா'. யாராவது புது சாஃப்ட்வேரின் வரைபடத்தைக் காட்டி "அவ்ளோதாங்க்கா" என்று பெருமூச்சு விட்டால், மூக்குக் கண்ணாடியை இறக்கி "அப்புறம்?" என்பார். புரோகிராமில் ஒரு வரி எழுதும் முன்பே அது எங்கே குப்புற விழும் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம்.

அதற்கு நாங்களே கம்ப்யூட்டராக உட்கார வேண்டும். ஆளுக்கொரு மேஜை. வாய் திறக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. சீட்டில் வந்தது மட்டும்தான் தெரியும். சீட்டைச் சுமப்பவர் அக்கா. அவர்தான் நெட்வொர்க். லைன் மக்கர் செய்வதுபோல, சில நேரம் சீட்டோடு டீ குடிக்கவும் போய்விடுவார்.

அன்று ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கான சாஃப்ட்வேர். அரிய வகை ரத்தம், இருப்பதோ ஒரே பை. அதை இரண்டு பேருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டால், ஒருவர் ஆபரேஷன் மேஜையில் காத்துக் கிடப்பார்.

மேனேஜர்தான் முதல் கம்ப்யூட்டர். அவர் படுத்துவிட்டால் பதில் சொல்லும் இரண்டாவது கம்ப்யூட்டர் நான். டெஸ்டிங் பையன்கள் இருவரும் ஆளுக்கொரு வார்டு. முதல் வார்டு கேட்டது. மேனேஜர் பையைக் கொடுத்து, 'கொடுத்தாச்சு' என்று எனக்கும் சீட்டு எழுதினார். அக்கா அதோடு ஜன்னல் பக்கம் போய் வேடிக்கை பார்த்தார். அதை என்னிடம் தராமலே, இரண்டாம் வார்டின் சீட்டை நீட்டினார்: "மேனேஜருக்கு லைன் கிடைக்கலப்பா."

என் கணக்கில் பை இருந்தது. பதில் சீட்டை எழுதி, மேனேஜரின் கரகர குரலிலேயே படித்தும் காட்டினேன்: "இருக்குய்யா, எடுத்துக்கோ!"

சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். ஒரே பை, இரண்டு உயிர்.

"லைன் இல்லன்னா இவன் 'தெரியாது'ன்னு சொல்லட்டும். வார்டுல இருந்து ரத்த வங்கிக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுக்குவாங்க" என்றார் அக்கா.

"காசு குடுத்து வாங்குற கம்ப்யூட்டர் தெரியாதுன்னா, காறித் துப்ப மாட்டாங்களா?" என்றார் மேனேஜர்.

"துப்பட்டும் சார். தொடச்சுக்கலாம்."

மேனேஜர் முனகிக்கொண்டே வரைபடத்தை மாற்றினார்.

ஆஸ்பத்திரியில் அது ஓடத் தொடங்கிய பின், ஒருநாள் நர்ஸ் ஒருவர் ஃபோனில் வெடித்தார். "பை இருக்கா இல்லையான்னு கேட்டா தெரியாதாம்! இதுக்கு ஒரு மெஷினா? நானே ஃபோன் போட்டா, அந்தப் பை எப்பவோ போயிடுச்சாம். வேற ஆஸ்பத்திரியில சொல்லி ஓடிப்போய் வாங்கிட்டு வந்தோம்!"

"பேஷண்ட் எப்படி இருக்காங்கம்மா?" மேனேஜர் குரலில் கரகரப்பே இல்லை.

"அவங்க நல்லா இருக்காங்க. உங்க மெஷின்தான் சரியில்ல!"

மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டு, அக்காவின் மேஜையில் ஃபோனை மெதுவாக வைத்தார். நர்ஸ் திட்டி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை.