மின்னலின் மேல் போட்ட பழி

நான் பொய் சொன்னேன். என் மனைவியின் கணினியைப் பாழாக்கியது மின்னல் அல்ல, நான்!

ஆறு ஆண்டுகள் இதை மறைத்தேன். இன்று உங்களிடம் சொல்கிறேன். முதலில் கேட்டிருக்க வேண்டியவள் சென்ற ஆண்டு போய்விட்டாள்...

கிள்ளான் நகரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் சரோஜா நாவல்களை உரக்க வாசித்துப் பதிவு செய்வாள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழும் பார்வையற்றவர்கள் சிலர் அவற்றைக் கேட்டு வந்தார்கள். நீண்ட பதிவுகளைத் திருத்தும்போது பழைய கணினி திணறியது. வேறு வாங்கலாமா என்றாள். அதன் மூளையான புராசசரைப் புதிதாகப் பொருத்தினால் போதும் என்றேன். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் அல்லவா!

புராசசர் உட்காரும் சாக்கெட் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்தேன். எங்கள் மதர்போர்டு எந்தெந்தப் புராசசரை ஏற்கும் என்ற பட்டியல் இணையத்தில் இருந்தது. அதை நான் திறக்கவே இல்லை. கேள்வியை முழுதாகப் படியுங்கள் என்று மாணவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்...

பொருத்தினேன். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. பதற்றத்தில் பழைய புராசசரையே திரும்ப வைத்து அழுத்தினேன். அதன் அடியிலிருந்த ஊசிக்கால்கள் வளைந்தன. இப்போது இரண்டாலும் பயனில்லை.

சரோஜா பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினாள். முந்திய நாள் பெய்த மழை என் நாவுக்கு வந்து உதவியது.

"நேத்து இடி இடிச்சப்ப பிளக்கக் கழட்டாம விட்டுட்ட. மின்னல் அடிச்சிருச்சு."

என்னையே சற்று நேரம் பார்த்தாள். "சரிங்க... என் தப்புதான்" என்றாள்.

கடையில் காட்டலாமா என்று கேட்டாள், வீண் என்றேன். அவளுடைய பதிவுகள் உள்ளே பத்திரமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திறந்து பார்ப்பவர் வளைந்த கால்களையும் பார்த்துவிடுவாரே! அவள் வாசிப்பதை நிறுத்தினாள். வானம் உறுமினால் போதும், அறை அறையாக ஓடி எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குவாள்.

மருத்துவமனையில் கடைசி வாரம். வெளியே இடி. "வீட்டுல பிளக்கெல்லாம் கழட்டிட்டீங்களா?" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை.

சென்ற மாதம் ஆறுமுகம் தொலைபேசியில் அழைத்தார். பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் செய்யும், பார்வையற்ற மனிதர். "சார், அக்கா வாசிச்ச கதை ஆறு வருசமா பாதியில நிக்குது. மீதி எங்கயாச்சும் இருக்கா?"

மறுநாளே கணினியை அவர் தெருவிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் தேவி, கண்ணருகே உருப்பெருக்கும் லென்ஸ் வைத்து, மெல்லிய பிளேடால் ஊசிக்கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"சாக்கெட் சேம்தான் லா அங்கிள். ஆனா உங்க போர்டுக்கு இந்தப் புது புராசசர் யாருன்னே தெரியாது. பழசப் போட்டு ஆன் பண்ணி, மொதல்ல போர்டுல இருக்குற பயோஸ் சாஃப்ட்வேர அப்டேட் பண்ணணும். அப்புறம்தான் புதுசு. லிஸ்ட் பாக்கலியா?"

"இல்லை."

"என்னா வேல பாத்தீங்க?"

"விரிவுரையாளர்."

"அதான்! படிச்சவங்கதான் அங்கிள் படிக்காம மாட்டுவாங்க."

சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு.

அரை நாளில் கணினி உயிர்பெற்றது, புதிய புராசசரோடு! ஆறுமுகத்துக்கு அனுப்பாத நான்கு அத்தியாயங்கள் உள்ளே இருந்தன. வீட்டில் தனியாகக் கேட்டேன். கடைசிப் பதிவு, நான் பொய் சொன்னதற்கு முந்திய நாளுடையது. வாசிப்பின் நடுவே இடி முழங்குகிறது. பிறகு சரோஜாவின் குரல்: "இடி இடிக்குது. எல்லாத்தையும் கழட்டிட்டு நாளைக்கு வாசிக்கிறேன்."

கழற்றியிருக்கிறாள்! அப்படியானால் அன்று என் முகத்தில் அவள் எதைப் பார்த்தாள்? தெரிந்தேதான் பழியை ஏற்றாளா? மருத்துவமனையில் பிளக்கைப் பற்றிக் கேட்டது... என் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கத்தானா?

பதிவுகளை ஆறுமுகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்து, அனைத்தையும் சொன்னேன்.

"அத அக்காகிட்ட சொல்லியிருக்கணும் சார்" என்றார். பிறகு, "இன்னும் எத்தன அத்தியாயம் பாக்கி?"

"மூன்று."

"நீங்க வாசிங்க. நான் கேக்குறேன்."

நேற்றுத் தொடங்கினேன். விட்ட இடம் தெரிய வேண்டுமே. அதனால் முதலில் அவளுடைய கடைசிப் பதிவை ஓடவிட்டேன். அந்த இடி, அந்தக் குரல்... அது முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் நிறுத்திய வரியிலிருந்து வாசித்தேன்.