கிளட்ச் கனக்கிறது என்றார் மாமா

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்த மாமா, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டையொட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சந்து உண்டு. அந்த வண்டி அங்கேதான் நிற்கும். இடது கையின் இரண்டு விரலால் கிளட்ச் லீவரை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், கிளட்ச் கனக்குதுடா" என்றார். எங்கள் பொல்லாத காலம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? "மட்டன் சாப்பிட்டா லேசாயிடும், உள்ள வாங்க மாமா" என்று சிரித்தேன்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை அது. மண்மேட்டில் ஏறித் தாவி, சேற்றில் விழுந்து, எழுந்து ஓடுகிற மோட்டோகிராஸ் பந்தய வண்டி. லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பந்தயத்துக்கு வந்த யாரோ ஒருவன், திரும்பக் கொண்டுபோகும் செலவுக்குப் பயந்து இங்கேயே தள்ளிவிட்டுப் போனது. மாமா இளவட்டமாக இருந்தபோது அதில் பெங்களூர், கோயம்புத்தூர், பூனா என்று ஊர் ஊராகப் போய் ஓட்டியிருக்கிறார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் ஒரு காலில் கட்டோடுதான் வந்தார். அப்பா முகத்தைச் சுளித்தார், அக்கா சிரித்துவிட்டாள், கல்யாணம் முடிவாகிவிட்டது. அப்புறம் வேலை, குழந்தைகள், வீட்டு வாடகை என்று வண்டி சாக்குக்குள் போனது. ஓசூர் ரோட்டைத் தாண்டி ஒரு மைதானத்தில் குளிர்காலத்தில் பழைய பந்தய வண்டிகள் ஒன்றுகூடுகின்றன என்று மாமாவின் காதில் விழுந்த பிறகுதான் சாக்கு விலகியது. "ஜெயிக்கவெல்லாம் வேணாம் மச்சான். ஒரு ரவுண்டு. விழாம ஒரே ஒரு ரவுண்டு" என்பார். பிள்ளைகள் வெளிநாடு போய், வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற மனிதர். அதைத் தவிர அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

எனக்கு டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. யார் வந்து எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது; அப்படி ஒரு திமிர் உண்டு. அக்கா வீட்டுக்காரர் கேட்டு இல்லை என்பேனா? முதலில் கேபிளை மாற்றினோம். இரண்டு நாள் "சூப்பர்டா, பூ மாதிரி இருக்கு" என்றார். அடுத்த வாரம் மறுபடி கனக்கிறது என்றார். லீவருக்கு எண்ணெய் விட்டோம், நீள லீவர் போட்டோம். கொஞ்ச நாள் சரியாக இருக்கும். மறுபடி அதே பாட்டு. கடைசியில் எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றி கிளட்சையே வெளியே எடுத்தோம். பிளேட்டுகள் தேய்ந்து, ஓரத்துப் பல்லெல்லாம் உடைந்து, கையில் எடுத்தால் கரித்தூள் கொட்டியது. "பாத்தியா! நான் சொன்னேன்ல, கிளட்ச்தான் கோளாறு" என்றார் மாமா. அவர் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

கிளட்ச் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிளேட் என்கிற வட்டத் தட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்தி ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகிறது. லீவரை இழுத்தால் அழுத்தம் விலகும். ஆகவே ஸ்பிரிங் கடினமாக இருந்தால் லீவர் கனக்கும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் லீவர் லேசாகும், ஆனால் தட்டுகள் வழுக்கும். மாமா ஒரு வழி சொன்னார். தட்டில் ஒட்டுகிற லைனிங் நன்றாகக் கடிக்கிற சாமானாக இருந்தால், ஸ்பிரிங் லேசாக இருந்தாலும் வண்டி இழுக்கும். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மெக்கானிக்குகளிடம் கேட்டேன், அவர்களுக்கும் நியாயமாகப் பட்டது. பார்ட்ஸிலேயே பிழைக்கிறவர்கள் நாங்கள். கோளாறு என்றால் எங்கள் கண் பார்ட்ஸைத்தான் பார்க்கும்.

அந்த மாடலுக்குப் பிளேட் உலகத்தில் எங்கும் இல்லை. செய்த கம்பெனிக்கே அது நினைவில்லை. வெளிநாட்டில் ஒருவன் இணையத்தில் படம் போட்டிருந்தான். விசாரித்தால் எப்போதோ விற்றுவிட்டதாகப் பதில் வந்தது. சிவாஜிநகரில் பழைய சாமான் சந்தில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார். உடைந்த பிளேட்டை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரே, இதுக்கு நீங்க என்கிட்ட வந்திருக்கீங்க, நான் யார்கிட்ட போறது?" என்றார். ஆனாலும் மனிதர் விடவில்லை. விட்டம் கிட்டத்தட்டப் பொருந்துகிற வேறொரு வண்டியின் பிளேட்டுகளை மூட்டைக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்தார். அவற்றின் பல்லை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவர வேண்டியது எங்கள் பாடு. பல் உட்காரும் கிளட்ச் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தது. ஆடுகோடியில் ஒரு வெல்டிங் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் "ஆகல்ல சார், அலுமினியம் உருகிடும்" என்று கன்னடமும் தமிழுமாகக் கையை விரித்தார். கெஞ்சி, சண்டை போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எப்படியோ பற்றவைக்கச் செய்து, பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கினோம்.

லைனிங் ஒட்டுகிற வேலையை மாமா தன் கையாலேயே செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பழைய லைனிங்கைச் சுரண்டி, புதுச் சாமானை வட்டமாக வெட்டி, பசை தடவி, இரண்டு இரும்புப் பலகைக்கு நடுவில் வைத்து போல்ட் போட்டு இறுக்கி, சூட்டில் வேகவைக்க வேண்டும். சூட்டுக்கு எங்கே போவது? அக்கா கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் எடுத்து பிளம் கேக் செய்கிற ஓவன் சமையலறையில் இருந்தது. அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து மாமா பிளேட்டுகளை உள்ளே தள்ளிவிட்டார். திரும்பி வந்த அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "இது அடுப்பா, மெக்கானிக் ஷெட்டா? கேக்ல ரப்பர் நாத்தம் அடிச்சா யாருய்யா வாங்குவா? டேய் தம்பி, நீயும் இதுக்குக் கூட்டா?" மாமா குழந்தை மாதிரி விழித்தார். அந்த வருஷக் கேக்கை அக்கா வேறு யார் வீட்டிலோ சுட்டாள். எங்கள் குடும்பம் கடைசியாகச் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்கா ஒன்று சொன்னாள். "கிளட்ச் கிளட்ச்னு அலையுறீங்களே, இவருக்குச் சட்டைப் பித்தான் போட வரல. நேத்து காபி டம்ளரை நழுவவிட்டாரு. அத யாராவது பாருங்களேன்." மாமா, "நாள் முழுக்க அரம் புடிச்ச கைடி, கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்" என்றார். நானும் ஆமாம் போட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பிளேட் ராவினால் கை வலிக்கும், வலித்தால் டம்ளர் நழுவும். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

புதுப் பிளேட்டுகளைப் பூட்டி, மெல்லிய ஸ்பிரிங் போட்ட அன்று நான் லீவரை இழுத்துப் பார்த்தேன். ஒரு விரலில் வந்தது. "மாமா, இதுக்கு மேல லேசாக்க முடியாது" என்று பெருமையடித்துக்கொண்டேன். மாமா இரண்டு விரலால் இழுத்தார். பாதியில் நின்றது. நான்கு விரலையும் போட்டார். தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, லீவர் வரவில்லை. "இன்னும் கனக்குதே மச்சான்" என்றார். அவர் கையை விலக்கிவிட்டு லீவரை மறுபடி இழுத்தேன். ஒரே விரல். அப்போதுதான் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதையைக் காணவில்லை. அந்த இடத்தில் குழி விழுந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக நாங்கள் வண்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் ஊசியைக் குத்தி, கரண்ட் வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துக்கொண்டு வருகிற வியாதி என்றார்கள். கையில் தொடங்கி, மற்றக் கை, கால், நாக்கு என்று போகுமாம். மூளை மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்குமாம். மருந்து இல்லையா என்று கேட்டேன். டாக்டரம்மா நல்ல மாதிரிதான், மேஜையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார். கடைக்காரன் நான், அந்த வார்த்தையை என் வாயாலேயே சொல்லாதவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டேன். மாமாதான் வந்து என் தோளில் வலது கையை வைத்து, "அவங்க என்னடா பண்ணுவாங்க? ஸ்டாக் இல்ல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. குளிர்காலம் வருவதற்குள் இன்னும் மெல்லிய ஸ்பிரிங் வேண்டும் என்றார். இது நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைவிட மெல்லியதும் கொடுத்தேன். பாய், "இது பேனாக்குப் போடுற ஸ்பிரிங், நக்கோ நக்கோ, வேணாம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒருநாள் காலையில் மாமாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, பக்கத்து மைதானத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். அவர் லீவரை இழுத்தார், வந்தது. நான் பின்னால் பிடித்துக்கொண்டு, கியரைத் தள்ளச் சொன்னேன். தள்ளினார், லீவரை விட்டார், வலது கையால் முறுக்கினார். எஞ்சின் மைதானம் அதிரக் கத்தியது. வண்டி ஒரு அடி நகர்ந்து நின்றுவிட்டது. இன்னும் முறுக்கினார். புகை வந்தது, கருகிய வாடை வந்தது, சக்கரம் சுற்றவில்லை. கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்தது.

மாமா எஞ்சினை அணைத்தார். பிறகு சொன்னார்: "வண்டி நகரணும்னா நல்ல ஸ்பிரிங் வேணும். நல்ல ஸ்பிரிங் போட்டா என் கை நகராது. போதும்டா. அதோட சொந்த ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டுடு. நாளைக்கு எவனாவது இத ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு, என்னடா வண்டி இது, போகவே மாட்டேங்குதுன்னு சொல்லக் கூடாது." அன்று மாலையே போட்டேன். பிளேட்டுகள் நன்றாகக் கடித்தன, கூடை நன்றாக உட்கார்ந்தது. கிளட்ச் புது வண்டியில் இருப்பது போல வேலை செய்தது. மாமா செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

இப்போது மாமா ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். கை இரண்டும் போயாயிற்று. பேச்சு அக்காவுக்கு மட்டும்தான் புரிகிறது, அதுவும் சில நாள். விருந்தாளிகள் வந்து, நம்பிக்கையோடு இருங்க, கர்த்தர் கைவிடமாட்டார் என்கிறார்கள். எனக்கு ஒரு பதில் நாக்கு வரைக்கும் வருகிறது, அக்காவுக்காக முழுங்கிக்கொள்கிறேன். ஞாயிறு தவறாமல் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, சந்துக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்வது என் வழக்கமாக இருந்தது. ஓடாமல் நின்றால் எஞ்சின் கெட்டுவிடும் என்று சாக்கு. அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே போகும். அவருக்கு அது பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்பார்தான்.

போன வாரம் ஸ்டார்ட் செய்து முறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள். சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். அணைத்தேன்.

"வேணாம்டா தம்பி, இனிமே ஸ்டார்ட் பண்ணாத" என்றாள். "இந்தச் சத்தம் கேட்டா அவர் கண்ணுல தண்ணி வழியுது. நான் ஏதாவது வேலையா இருந்துடறேன். தொடச்சிக்க அவருக்குக் கை இல்லடா."

நான் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன். மாமாவின் கன்னம் நனைந்து, தண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. என் கையெல்லாம் கிரீஸ். அக்கா வந்து துடைக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.