திங்கட்கிழமை வேலைக்குப் போகாதவள்

வின்னி ஹோல்ராய்ட் பதினான்கு வயதில் எங்கள் வட இங்கிலாந்து ஊரின் தறிக்கூடத்துக்குப் போனாள். ஒரே கூரையின் கீழ் முந்நூறு தறிகள் ஓடின. காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால் பேசினார்கள். சத்தமில்லாமல், வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வடிவம் கொடுத்து. ஆறு மாதத்தில் வின்னிக்கு அது வந்துவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்குமே வரும். யாரும் அதை ஒரு திறமையாக நினைக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள உதவியது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு தறியை விட்டாள். கணவன் ஆர்னல்ட் சாயப்பட்டறையில் இருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருடம் மேட்டின் உச்சியில் இருந்த கல்வீட்டுக்கு மார்லண்ட் தம்பதி குடிவந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுவேலைக்கு ஆள் தேடினார்கள். வின்னி போய்ச் சேர்ந்தாள்.

டெஸ்மண்ட் மார்லண்ட் கவிஞன். ஆக்னஸ் மார்லண்ட் நாவல் எழுதினாள். லண்டனில் இருவருக்கும் பெரிய பேர். எங்களைப் பொறுத்தவரை மதியம்வரை ஜன்னல் திரையை விலக்காதவர்கள்.

ஆக்னஸுக்கு வின்னியின் உதட்டுப் பேச்சு பிடித்துப்போனது. ஒருநாள் விருந்தாளிகள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்மண்ட் ஒருவரிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மாடி ஜன்னலருகே ஆக்னஸ் வின்னியைக் கூப்பிட்டாள்.

“என்ன சொல்றாரு, பாத்துச் சொல்லேன்.”

வின்னி பார்த்தாள்.

“சாயங்காலம் மழை வருமான்னு பேசிக்கிறாங்க.”

ஆக்னஸ் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, “நல்லவ நீ” என்றாள். பிறகு எழுதப் போய்விட்டாள்.

நான்கு வருடத்தில் அவர்கள் லண்டனுக்கே திரும்பினார்கள். ஆக்னஸ் இளவயதிலேயே இறந்தாள். அறுபத்தேழில் அவர்களுடைய வாழ்க்கை வரலாறு தடித்த புத்தகமாக வந்தது. ஆக்னஸின் மூன்றாவது நாவல் ஏன் அச்சாகவில்லை என்பதற்கு அதில் ஒரு பத்தி இருந்தது. ஐம்பத்தொன்று நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, டெஸ்மண்ட் வானொலியில் கவிதை வாசிக்க ரயிலேறிப் போன காலையில், வீட்டுவேலைக்காரி கணப்பருகே கூடையில் இருந்த முந்நூறு பக்கக் கையெழுத்துப் பிரதியை எடுத்து நெருப்பு மூட்டிவிட்டாள். பிரதி ஒன்றுதான் இருந்தது. இதைச் சொன்னது டெஸ்மண்டே.

புத்தகத்தில் பெயர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் வேலை பார்த்தது யார் என்று ஊருக்கே தெரியும். புத்தகத்தைப் படித்தவர்கள் ஊரில் இரண்டு பேர் இருக்கலாம். கதை எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது, எந்தக் கிழமை என்பது மட்டும் சேரவில்லை. வருடந்தோறும் நவம்பர் ஐந்தாம் தேதி நெருப்புத் திருநாளில் மைதானத்தில் கட்டைகளை அடுக்கிக் கொளுத்தும்போது யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: “வின்னியக் கூப்பிடுங்கப்பா, ராசியான கை.” அடுத்த வீட்டு டோரீன்தான் முதலில் சொன்னவள். முதல் வருடம் வின்னியும் சிரித்தாள். மூன்றாவது வருடத்திலிருந்து அவள் மைதானத்துக்கு வரவில்லை.

பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். தகவல் திரு. மார்லண்ட் அவர்களே அளித்தது என்று நான்கு வரியில் மரியாதையான பதில் வந்தது. அதன்பின் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் கெஞ்சுவதுபோல் இருக்கும் என்று ஆர்னல்டிடம் மட்டும் சொன்னாள். அவனும் எழுபத்தெட்டில் போய்ச் சேர்ந்தான்.

எண்பத்து மூன்றாம் வருட வசந்தத்தில் மார்லண்ட் தம்பதியைப் பற்றி டிவிக்குப் படம் எடுக்க வந்தார்கள். கல்வீடு அப்படியே இருந்தது. எங்கள் தெருவும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. டிவி ஆண்டெனாக்களைக் கழற்றச் சொன்னார்கள். பழைய மேலங்கியும் தலைத்துணியும் கொடுத்துத் தெருப் பெண்களைக் கூட்டத்தில் நிற்க அழைத்தார்கள். வின்னி வரமாட்டேன் என்றாள். டோரீன் போய் அவளை இழுத்து வந்தாள்.

“ஏண்டி, சூடா பன்னி இறைச்சி வச்ச ரொட்டி தர்றாங்க. உனக்கென்ன வலிக்குது?”

அன்று எடுக்க வேண்டிய காட்சிகளை எழுதிய தாள் எல்லோர் கையிலும் இருந்தது. நாற்பத்தொன்றாம் காட்சி: திங்கள் காலை, டெஸ்மண்ட் ரயிலுக்குப் போகிறான், தெரு முழுக்கத் துணி காய்கிறது. நாற்பத்திரண்டாம் காட்சி: அதே காலை, கல்வீடு, வேலைக்காரி நெருப்பு மூட்டுகிறாள்.

துணி விஷயத்தில் டைரக்டர் ஏட்ரியன் மிகக் கறாராக இருந்தான். இந்தப் பக்கங்களில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்று எங்கோ படித்திருந்தான். தெருவின் குறுக்கே பதினெட்டுக் கொடிகள் கட்டச் சொன்னான். விரிப்புகள், மேசைத்துணிகள், ஆண்களின் நீளமான உள்ளாடைகள். வின்னி வீட்டு வாசலில் நின்று விரிப்பு ஒன்றை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐம்பது அடி தள்ளி கேமரா பக்கத்தில் ஏட்ரியன் பாமிடம் பேசிக்கொண்டிருந்தான். பாம்தான் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் முரண் இல்லாமல் பார்த்துக்கொள்பவள். கழுத்தில் கடிகாரம், கையில் போட்டோக் கட்டு. அவன் மெதுவாகத்தான் பேசினான்.

வின்னி அவன் உதட்டைப் பார்த்தாள்.

*அதோ, இடமிருந்து மூணாவது கிழவி. அவதான் நிஜமாவே நாவலக் கொளுத்தினவ. அவள முன்னாடி கொண்டுவந்து நிறுத்து. தெரிஞ்சவங்க பாத்துச் சிரிச்சுக்கட்டும்.*

விரிப்பின் முனை வின்னியின் கையிலேயே இருந்தது. தெருவில் நின்ற பதினேழு பெண்களும் அதைப் படித்துவிட்டார்கள். டோரீன் தலைத்துணியை இறுக்கிக்கொண்டு, படக்காரர்கள் நிறுத்தியிருந்த எதிர் வாசலிலிருந்து உதட்டை அசைத்தாள்.

*கொளுத்தினியாடி நீ?*

பதினாறு வருடத்தில் அவள் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை.

*இல்ல.*

*அப்ப இவ்ளோ வருஷம் ஏண்டி வாயத் தொறக்கல?*

*நீ கேக்கல.*

டோரீன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் உதட்டால் அல்ல, தெருவே கேட்கும்படி பேசினாள்.

“ஏய் வின்னி, இது திங்கக்கிழமைன்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“திங்கக்கிழமை நீ எங்கடி இருந்த?”

“எங்க இருப்பேன்? தொட்டியில கைய விட்டுக்கிட்டு இருந்தேன். உன் பக்கத்துல.”

டோரீன் தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கேமராவை நோக்கி நடந்தாள். பின்னால் வின்னி போனாள். மற்றவர்களும் போனார்கள். ஏட்ரியன் கையை உயர்த்தினான்.

“அம்மா, இடத்த விட்டு நகராதீங்க, தயவுசெஞ்சு.”

“தம்பி, ஒரு சின்ன சந்தேகம்” என்றாள் டோரீன். “இந்தத் துணியெல்லாம் எதுக்குக் கட்டியிருக்க?”

“திங்கட்கிழமைன்னு தெரியறதுக்கு.”

“அன்னிக்கு இங்க ஒருத்தியும் இன்னொருத்தி வீட்டுக்கு வேலைக்குப் போகமாட்டா. செத்தாலும் போகமாட்டா. காலைல நாலு மணிக்குத் தண்ணி சுட வச்சா சாயங்காலம்தான் நிமிருவோம். இவ எப்படி மேல போயி நெருப்பு மூட்டினா?”

ஏட்ரியன் பாமைப் பார்த்தான். பாம் தன் தாளைப் புரட்டினாள்.

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. மார்லண்டே சொன்னது” என்றான்.

வின்னி அப்போதுதான் பேசினாள்.

“அவரு ரயில்ல இருந்தாரு, தம்பி. ரயில்ல இருந்தவருக்கு என் கை எப்படித் தெரிஞ்சுச்சு?”

காற்று வந்து விரிப்புகளைத் தூக்கிப் போட்டது. ஏட்ரியன் கழுத்தைச் சொறிந்தான். கிழவி என்று சொன்னது அவர்களுக்குக் கேட்டிருக்க முடியாதே என்று ஒருகணம் அவன் முகத்தில் ஓடியது.

“கேட்டுச்சு” என்றாள் வின்னி.

அவன் முகம் சிவந்தது. நல்ல பையன்தான். “மன்னிச்சுக்குங்க” என்றான். அடுத்த வாக்கியத்திலேயே, “சரி, துணிய எடுத்துடலாம். தெரு சும்மா இருக்கட்டும்” என்றான்.

“எடுத்துடறோம்” என்றாள் டோரீன். “அப்ப அது திங்கக்கிழமை இல்ல. வேற நாள்னா அவரு ஊர்லதான் இருக்காரு. வீட்ல இருந்தவரு பாத்துக்கிட்டு சும்மாவா இருந்தாரு?”

பாம் குறுக்கிட்டாள். “ஏட்ரியன், ரேடியோ நிகழ்ச்சிக்குத் தேதி இருக்கு. திங்கள்தான், மாத்த முடியாது. அப்படின்னா துணி காயணும். துணி காஞ்சா வேலைக்காரி வரல. இந்த ரெண்டு காட்சியும் ஒண்ணா நிக்காது. படம் வந்த மறுநாள் இந்தப் பக்கத்துல இருந்து ஆயிரம் கடிதாசு வரும். எல்லாத்துக்கும் நான்தான் பதில் எழுதணும்.”

ஏட்ரியன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். பாதி புகைத்துவிட்டு வின்னியைக் கேட்டான்.

“நீங்க எப்ப போனீங்க?”

“செவ்வா. எப்பவும் போல.”

“என்ன பாத்தீங்க?”

“கணப்பு நெறைய காகிதச் சாம்பல். கரி எரிஞ்ச சாம்பல் வேற மாதிரி இருக்கும். இது கறுப்பா, தாள் தாளா, லேசா. அள்ளப் போனா பறந்துச்சு. ரெண்டு வாளி அள்ளினேன். மிஸஸ் மார்லண்ட் மேசையில உக்காந்து வறுத்த ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் அங்க வேலை பாத்த அத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் அவங்க காலைல சாப்பிட்டுப் பாத்தேன்.”

“யாரு கொளுத்தினது?”

“நான் அங்க இல்ல.”

“ஆக்னஸா?”

“நான் அங்க இல்லன்னேன், தம்பி. எனக்குத் தெரிஞ்சது செவ்வாக்கிழமை மட்டும்தான்.”

அவன் எவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்டும் அதற்குமேல் வாங்க முடியவில்லை. அன்று நாற்பத்திரண்டாம் காட்சி எடுக்கப்படவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொன்று எழுதி வந்தான்.

கிளம்பும்போது பாம் வின்னி வீட்டுக் கதவைத் தட்டினாள். நடிகர் பட்டியலில் வேலைக்காரி என்று மட்டும் இருக்கிறது, உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாள். போட்டால் நாடு முழுக்கத் தெரியும். புத்தகத்தை மட்டும் நம்புகிறவர்கள் இனி பெயரோடு ஏசலாம். வேண்டாமென்றால் இப்படியே விட்டுவிடலாம்.

வின்னி இரண்டு கோப்பைத் தேநீர் குடிக்கும்வரை யோசித்தாள்.

“போடு. ஆனா முழுசா போடு. மிஸஸ் வினிஃப்ரெட் ஹோல்ராய்ட்.”

அடுத்த பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் படம் வந்தது. கலர் டிவி டோரீன் வீட்டில்தான் இருந்தது. முன்னறையில் பதினோரு பேர் அடைந்திருந்தோம். டெஸ்மண்ட் துணிகளுக்கு நடுவே ரயிலுக்கு ஓடினான். கதவு மூடிக்கொண்டது. திரை இருண்டு விடிந்தது. ஒரு பெண் பின்கதவால் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றிக் கணப்பின் முன் மண்டியிட்டாள். கையை நீட்டி, நிறுத்தினாள். திரும்பி மேசையைப் பார்த்தாள். மேசையில் இருந்தவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வேலைக்காரி வாளியை இழுத்து அள்ளத் தொடங்கினாள்.

“அந்தக் கோட்டு ரொம்ப ஒசத்தி” என்றாள் வின்னி. “எனக்கு அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல.”

“பேசாம இருடி” என்றாள் டோரீன்.

பெயர்கள் வேகமாக ஓடின. அவளுடையதும் வந்து போனது. டோரீன் எழுந்து அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

புதன்கிழமை சந்தையில், தேவாலயத்துக்குப் புதிதாக வந்திருந்த போதகரின் மனைவி வின்னியைத் தயங்கித் தயங்கி நிறுத்தினாள். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

“மன்னிக்கணும். டிவியில வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா நீங்கதானா?”

வின்னி காலிஃபிளவரைப் பைக்குள் வைத்தாள்.

“செவ்வாயும் வெள்ளியும்” என்றாள்.