முதல் பிடிச் சோறு

நான் எழுதப் பழகியவன் அல்ல. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். பிரசங்கம் செய்வதுகூட எனக்குச் சுலபமாக வந்ததில்லை. பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல், எதிரே இருக்கும் சன்னல் கட்டையைப் பார்த்தபடியே பேசி முடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல வருவது அதிகப்படிதான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாய் நாட்டில் அவசரகாலம் அறிவித்திருந்த வருஷங்களில் நாங்கள் ராசா என்ற ஊரில் குடியிருந்தோம். சபையில் எனக்கு உபதேசியார் வேலை. குருவானவர் எப்போதாவதுதான் தோட்டங்களுக்கு வர முடியும். மற்ற ஞாயிறுகளில் நான் சைக்கிளில் போய் ஆராதனை நடத்துவேன். உபதேசியார் பிரசங்கம் ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் முடிந்துவிடும் என்று ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கேலிதான். ஆனாலும் வெயிலில் ரப்பர் மரங்களில் பால் வெட்டி வந்தவர்களுக்கு அது வசதியாகவே இருந்திருக்கும்.

நான் சொல்லப்போகும் தோட்டத்தில் அப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாசல். அங்கே துப்பாக்கியோடு காவல்காரர்கள். காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. அதனால் உள்ளே போகிறவனையும் சோதிப்பார்கள், வெளியே போகிறவனையும் சோதிப்பார்கள். என் வேதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார்கள். சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையைக் கழற்றி உள்ளே பார்ப்பார்கள். ஒருமுறை மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை வாசல் மேசையிலேயே விட்டுப்போகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது எறும்புகள் சாப்பிட்டு முடித்திருந்தன.

எங்கள் கிறிஸ்தவப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சமையலுக்கு அரிசி அளந்ததும், அதைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது ஆண்டவருக்கு. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு அதில் கொஞ்சம் போகும். மீதியை அறுப்புப் பண்டிகை அன்று பொங்கி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அதை அசனம் என்போம். என் பிரசங்கம் எதுவும் நினைவில் இல்லாதவர்களுக்கும் அந்தச் சாப்பாடு நினைவில் இருக்கும்.

உணவுக் கட்டுப்பாடு வந்ததும் வீடுகளில் அரிசி வைத்திருக்கக்கூடாது என்றார்கள். பொதுக் கொட்டகை ஒன்றில் காவலோடு சமைத்து, காலையும் மாலையும் சோறாகவே அளந்து கொடுத்தார்கள். அரிசியே இல்லாதபோது பிடி அரிசி ஏது? நிலைமை சீராகும் வரை அந்தக் காணிக்கை வேண்டாம் என்று ஆராதனையில் அறிவித்தேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அந்த ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலுக்குள் ஒரு போலீஸ் லாரி நின்றது. இந்தத் தோட்டத்திலிருந்து காட்டுக்குச் சாப்பாடு போகிறது என்று யாரோ சொல்லி, விடிந்ததும் வீடு வீடாகச் சோதனை போட்டிருக்கிறார்கள். லாரிக்குப் பக்கத்தில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி நின்றாள். பால் வெட்டுக்காரி, புருஷன் இல்லாதவள். நாலு வயது மகள் அவள் சேலையைப் பற்றிக்கொண்டு நின்றது. மலாய்க்கார இன்ஸ்பெக்டர் கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அது நிறையக் காய்ந்த சோறு, மணி மணியாக.

காய்ந்த சோறு கெடாது. எடுத்துப்போவது சுலபம், அடுப்பு மூட்டத் தேவையில்லை. காட்டில் இருக்கிறவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. இது எனக்கே புரிந்தபோது இன்ஸ்பெக்டருக்குப் புரியாமல் இருக்குமா? அந்தச் சமயத்தில் லாரியில் ஏறியவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்கு வேறு நாதியும் இல்லை.

"கோயிலுக்கு என்று சொல்கிறாள். நீ கோயில் ஆள்தானே? இது உனக்குத்தானா?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "கை பழகிப்போச்சுங்க ஐயா. மொதப் பிடிய எடுத்து வைக்காம சாப்பிட்டா தொண்டையில எறங்க மாட்டேங்குது. சோறா வச்சா ஊசிப்போவுது. அதான் காய வச்சேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு வார்த்தை. ஆனால் எனக்கு அந்த டின்னைப் பற்றித் தெரியாது. சன்னல் கட்டை எதுவும் அங்கே இல்லை, இன்ஸ்பெக்டர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், துவான் என்று மரியாதையாக அழைத்து, "எனக்கு இது தெரியாது, துவான். காணிக்கை வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் பெண்கள் முதல் பிடியை எடுத்து வைப்பது உண்மை" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லி முடித்ததும் அவளை நானே லாரிக்குள் ஏற்றிவிட்டது போல இருந்தது.

"வேண்டாம் என்று சொன்னாயா? அப்படியானால் இது கோயிலுக்கு இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அவளுடைய பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிறவள். என்னைக் கண்டால், "வந்துட்டாருய்யா ஊமைப் பிரசங்கியாரு" என்று காதில் விழும்படியே சொல்கிறவள்.

"நல்லா சாட்சி சொன்னீங்க, உபதேசியாரே! வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். தமிழும் மலாயும் கலந்து கொட்டியது. "துவான், இவ இதை எங்க காய வச்சா தெரியுமா? என் மொறத்துல! லயத்துக்கு நடுவுல, பட்டப்பகல்ல! காக்கா ஓட்டுனது யாரு? நானு! தெனமும் கேப்பேன், ஏண்டி, ஒங்க சாமிக்குப் பல்லு கெட்டியாடி, சோத்து வத்தல் திங்குதேன்னு. திருட்டுத்தனமா காட்டுக்குக் குடுக்குறவ ஊரே பாக்கக் காய வைப்பாளா? துவானோட ஆளு அதோ வாசல்ல நிக்கிறாரே, அவரு பாத்திருக்காரு. கேளுங்க லா!"

வாசல் காவல்காரர் இளம் மலாய்க்காரர். பார்த்ததுண்டு, கோழிக்கு என்று நினைத்தேன் என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. டின்னுக்குள் கைவிட்டுக் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது கோயிலுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

"சமைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம், துவான்."

"அப்படியானால் இப்போதே செய். என் கண் முன்னால். ஒரு மணிகூட மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அவள் லாரியில் வருவாள்."

காய்ந்த சோற்றை என்ன செய்வது என்று நான் விழித்தேன். பெண்கள் விழிக்கவில்லை; வத்தல் போலப் பொரித்துவிடலாம் என்றார்கள். பொதுக் கொட்டகைச் சமையற்காரர் சட்டியில் தேங்காயெண்ணெயைக் காய வைத்தார். சோறு எண்ணெயில் விழுந்ததும் பொரிந்து பூவாக மேலே வந்தது. டின்னில் இருந்ததைப் பார்த்தால் கொஞ்சம்தான். பொரித்த பிறகு இரண்டு பெரிய கூடைகள் நிறைந்துவிட்டன. மிளகாய்த் தூளைத் தூவினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில்தான் எங்கள் ஆராதனை நடக்கும். கூடைகளை அங்கே கொண்டுபோய் வைத்தோம்.

கவலைப்படாமல் இருப்பதைப் பற்றி அன்றைக்குப் பிரசங்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அது சட்டைப் பையிலேயே இருந்தது. எழுந்து நின்று, "ஆண்டவரே, இது உம்முடைய பங்கு. அதை எங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறீர். நன்றி" என்று மட்டும் ஜெபித்தேன். எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும் அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் தோன்றவில்லை. விசுவாசம் என்பதைப் பெரிய வார்த்தைகளில் தேடிக்கொண்டிருந்தவன் நான். அவளுக்கு அது கைப்பழக்கமாக இருந்தது. வேண்டாம் என்று நான் அறிவித்தும் அந்தக் கை நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

சபை ஆட்கள் மட்டும் தின்று தீராது என்று லயத்து ஆட்களையும் கூப்பிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா முதல் தடவையாக எங்கள் கொட்டகைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கும்பிட வரல. பொரி திங்க வந்தேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அந்த நாலு வயதுப் பிள்ளை அவள் மடியில் இருந்தது. வாசல் காவல்காரர்கள் இரண்டு பேரும் தொப்பியில் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் இன்ஸ்பெக்டரும் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். "காராம் குறைவு" என்றார். காராம் என்றால் மலாயில் உப்பு.

"உப்பையும் நீங்கதானே கட்டுப்படுத்தி வச்சிருக்கீங்க, துவான்!" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவர் சிரித்தார். கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் சிந்தியதைக்கூடப் பொறுக்கித் தின்றிருந்தார்கள். இனிமேல் எந்த வீட்டிலும் சோறு காயவைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, காலி டின்னையும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். லாரி வாசலைத் தாண்டிப் போகும் வரை அந்தப் பால் வெட்டுக்காரி அசையாமல் நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நான் சைக்கிளை எடுக்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். "இனிமே எப்படிங்கய்யா? டின்னும் போச்சு."

இப்படிக் கேட்டால், உங்கள் மனசுக்குப் பட்டபடி செய்யுங்கள் என்று சொல்லி நழுவிவிடுவதுதான் என் வழக்கம். அன்றைக்கு அவளுக்கு நேராகப் பதில் சொன்னேன். "ஞாயித்துக்கெழம காலையில குடுக்குற சோத்துல ஒரு பிடி கொண்டாங்க. எல்லாரையும் கொண்டாரச் சொல்லுங்க. ஒண்ணாப் போட்டு அங்கேயே சாப்பிட்டுடலாம்."

"அப்ப வாரா வாரம் அசனமா?" என்று தூரத்திலிருந்து அக்கா கேட்டாள். "நானும் வருவேன், உபதேசியாரே. பிரசங்கத்த மட்டும் நீட்டிராதீங்க."

மறுநாள் திங்கட்கிழமை. அந்தப் பெண் எப்போதும்போலப் பால் வெட்டப் போனாள். திரும்பும் வழியில் சைக்கிள் டியூப் வெடித்திருந்ததால், புதுசு வாங்க நான் பக்கத்து ஊரான தெமியாங் வரை நடந்தேன்; கடை பூட்டியிருந்தது.