அந்த ஊர்ச் சால்வை

என் அக்காவுக்குத் துணியைப் பார்க்கக் கண் வேண்டாம், இரண்டு விரல் போதும். ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவள். சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைக் கிள்ளிப் பார்த்து, இது தாங்கும், இது கிழியப் போகிறது என்று பிரித்து அடுக்குவதுதான் வேலை. கல்யாண வீட்டிலும் பக்கத்தில் இருப்பவளின் முந்தானையைக் கிள்ளுவாள். நான் எத்தனையோ தடவை அவள் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

அக்கா ஷிப்டுக்குப் போனபோதெல்லாம் அவள் மகனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நாத்தனார். அத்தானுக்கு மூத்தவள், கல்யாணம் ஆகாதவள். சோறு ஊட்டியதும் காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவள்தான். அத்தான் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்களும் மட்டும்தான். பையன் வெளிநாட்டுக்குப் போனான், அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. போன் மட்டும் தவறாமல் வரும்.

அக்கா அவனைப் பார்க்கப் புறப்பட்டாள். அப்போதுதான் நாத்தனார் வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஊர்லயே நெய்யற சால்வை ஒண்ணு, அவன் கையால வாங்கித் தரச் சொல்லு. மூட்டு வலிக்குப் போத்திக்கறேன்."

அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அந்தச் சால்வை வராவிட்டால், வளர்த்தவளை அவன் மறந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். அதை அக்காதான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அங்கே காலையில் மகனும் மருமகளும் கிளம்பிவிட்டால் அக்காவும் ஹீட்டரும்தான் வீட்டில். ஒருநாள் தனியாக நடந்து பின்தெருவில் ஒரு கடையைக் கண்டுபிடித்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்ததாம். கடைக்காரி ஒரு சாம்பல் நிறச் சால்வையை எடுத்து இவள் தோளில் போட்டிருக்கிறாள். அக்கா கிள்ளிப் பார்த்தாள். சுத்தமான கம்பளி. பாஷை தெரியாமலே இருவரும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் கடையில் கார்டுதான் வாங்குவார்கள். அதோடு, அவன் கையால் வாங்க வேண்டும் என்பதல்லவா பேச்சு?

அவனிடம் சொன்னாள். சனிக்கிழமை போகலாம் என்றான். சனிக்கிழமை ஆபீஸ் போன். அடுத்த சனிக்கிழமை தலைவலி. அப்புறம் அது டூரிஸ்ட்டுகளுக்குக் காதில் பூ சுற்றுகிற கடை, தானே ஆர்டர் செய்து அனுப்புவதாகச் சொன்னான். இவளும் வாயை மூடிக்கொண்டாள். பெற்ற பிள்ளையிடம் எத்தனை தடவைதான் கேட்பது? ஏர்போர்ட்டில் கை நிறைய சாக்லேட்டைத் திணித்து அனுப்பிவைத்தான். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஊர் வந்து இறங்கியதும் பெட்டிச் சாவியைக் காணோம் என்று அக்கா நாடகம் ஆடினாள். நாத்தனார் கட்டிலுக்கடியில் குனிந்து தேட, இவள் பார்க்க வந்திருந்த என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஃபாரின் சாமான் கடைக்கு வந்தாள். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "எந்த நாட்டுல இருந்து வர்றீங்க?" என்று கேட்டார். சொன்னோம். அதற்கேற்ற அலமாரியைத் திறந்தார். நாட்டுக்கு ஒரு தட்டு வைத்திருக்கிறார் மனுஷன். சால்வையை எடுத்துப் போட்டு, நாங்கள் கேட்காமலே சின்னக் கத்தரிக்கோலால் விலைச் சீட்டை வெட்டி எறிந்தார். இந்த வியாபாரத்தில் அவருக்கு நல்ல பழக்கம்.

அக்கா கிள்ளிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"பிளாஸ்டிக்குடி இது" என்றாள். ஆனாலும் வாங்கினாள்.

அன்று சாயங்காலம் பெட்டி திறந்தது. நாத்தனார் சால்வையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, நெற்றியில் வேர்வை வழிகிறது, அவளோ கதகதப்பாக இருக்கிறது என்கிறாள். அத்தோடு விட்டிருக்கலாம். அவனுக்குப் போன் போடு, நானே சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேலையில் இருப்பான் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் கேட்கவில்லை, அவளே போனை எடுத்து அழுத்திவிட்டாள். எந்தச் சால்வை என்று அவன் கேட்டுவிட்டால்? அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அவன் வந்தான்.

"கண்ணு, நீ வாங்கித் தந்த சால்வை பாரு" என்று அவள் தோளைக் காட்டினாள்.

அவன் ஒரு நொடி பார்த்தான். பிறகு சிரித்தான்.

"புடிச்சிருக்கா அத்தை? உனக்காகவே கடை கடையா அலைஞ்சேன். அம்மா கால் வலிக்குதுன்னு பாதியில உக்காந்துட்டாங்க. நான்தான் விடாம தேடிப் புடிச்சேன்."

நாத்தனார் அழுதுவிட்டாள். அவன் ஆறுதல் சொன்னான். அடுத்த வருஷம் கண்டிப்பாக வருவேன், உன் கையால் சாப்பிடுவேன் என்றான். போன் அணைந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவைக் காணோம். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். தொட்டியில் ஒரு பாத்திரம்கூட இல்லை.

"நல்லவேளை, உன் மானத்தைக் காப்பாத்திட்டான்" என்றேன்.

"கண்ணைக்கூட சிமிட்டலடி அவன்."

"அதுக்கென்ன? நீயும்தான் பொய் சொன்னே."

"எனக்குக் கை நடுங்குச்சு" என்றாள். குழாயை மூடினாள். "தெனமும் போன்ல சொல்லுவான். சாப்பிட்டேம்மா, உன் நெனப்பாவே இருக்கேம்மா, அடுத்த வருஷம் வந்துடுவேம்மான்னு. இதே குரல்தான்டி. இதே சிரிப்புதான்."



கூடத்தில் நாத்தனார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தாள். கழற்ற மனசில்லை அவளுக்கு. அக்கா போய் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.