முத்தம்மாளக்காவும் ஒரு கறுப்புக் குப்பைப் பையும்

நாச்சியாபுரத்து முத்தம்மாளக்காவுக்குத் திருடி என்று பெயர் சூட்டி வேலையைவிட்டு நிறுத்துவதற்கு இருந்த ஒரே சாட்சி, ஒரு கறுப்புக் குப்பைப் பை. அந்தப் பையை விசாரிப்பதுதான் எங்கள் வேலை. தடய அறிவியல் படிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் பயிற்சி மாணவி. நீங்களும் எங்காவது பயிற்சிக்குப் போயிருந்தால் தெரியும்: டீ வாங்குவதும் நாம்தான், திட்டு வாங்குவதும் நாம்தான்.

அக்கா துப்புரவு வேலை பார்த்தது, காரைக்குடிப் பக்கம் ஹோட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில். அங்கே காணாமல்போன வெள்ளிச் செம்பு, பின்பக்கப் புதரில் கறுப்புப் பைக்குள் கிடைத்தது. அக்கா வீட்டிலும் கறுப்புப் பைச் சுருள் ஒன்று இருந்தது. போதாதா?

சோப்புப் போட்ட சாட்சி

பையில் கைரேகை தேடலாம் என்று ஆசையாகப் பிரித்தேன். எலுமிச்சை சோப்பு வாசனை! புதரில் கிடந்த பை நாறுகிறதென்று, வழக்கை விசாரிக்கும் போலீஸ் ஏட்டையா அலசி, ஸ்டேஷன் கொடியில் காயப்போட்டு, நாலாக மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். அக்காவை அன்றைக்கே காப்பாற்றியிருக்கக்கூடிய ரேகை, சாக்கடையில் போய்விட்டது. கத்திவிட்டேன்.

மனுஷர் நிஜமாகவே புரியாமல் விழித்தார். "படிச்ச புள்ளைக கையால தொடுவீகளேன்னு சுத்தமாக் கொண்டாந்தேன். அதுக்குப் போயி ஏசுறீகளே தாயி!"

வீடு தேடிப் போன கதை

ஒப்பிட்டுப் பார்க்க அக்கா வீட்டுச் சுருள் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை சொல்லித்தரும் மேடம், ஏட்டையா, நான், மூவரும் போனோம். வழியெல்லாம் மேடத்தோடு சண்டை போட்டேன்: கடைக்குக் கடை தொங்குகிற பை எப்படிச் சாட்சியாகும்?

மூன்று நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்ததில் அக்காவின் குரல் கம்மிப்போயிருந்தது. சுருளை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "களவாங்கப் போறவ வீட்டுலருந்து பை கொண்டுக்கிட்டா போவா? அங்க மேனேஜர் ரூம்புல சுருள் சுருளாக் கெடக்கேம்மா."

அந்தச் சுருளையும் வாங்கிவந்தோம்.

சோப்புக்கு அழியாதது

பை தயாராகும் இயந்திரத்தின் வாயில் சின்னச் சின்னப் பிசிறுகள் இருக்கும். அவை பிளாஸ்டிக் மேல் நீளவாக்கில் மெல்லிய கோடுகளை இழுத்துக்கொண்டே போகும். ஒரே சுருளில் அடுத்தடுத்த பைகளில் அந்தக் கோடுகள் விட்ட இடத்திலிருந்து தொடரும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். எந்தச் சோப்புக்கும் போகாது.

அக்கா வீட்டுச் சுருளில் கோடுகள் வேறு, பையின் அடியை ஒட்டியிருந்த விதமும் வேறு. மேனேஜர் அறைச் சுருளின் முதல் பையைப் புதரில் கிடந்த பையோடு சேர்த்து வைத்தேன். கோட்டுக்குக் கோடு, கிழிசலுக்குக் கிழிசல் சேர்ந்தது. 'முத்தம்மாள் குற்றமற்றவர்' என்று அறிக்கையில் எழுதப்போனேன். மேடம் பேனாவைப் பிடுங்கினார். "பை எங்கருந்து வந்துச்சுன்னுதான் நமக்குத் தெரியும். யாரு எடுத்தான்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சத மட்டும் எழுது."

யார் வேண்டுமானாலும்

அறிக்கையைப் பார்த்த மேனேஜர், "என் ரூம் திறந்தேதான் கிடக்கும், யாரு வேணா எடுத்திருக்கலாம்" என்றாராம். எப்படி இருக்கிறது நியாயம்! அக்கா வீட்டில் பை இருந்தால் அக்கா திருடி. இவர் அறையில் இருந்தால் யார் வேண்டுமானாலும்.

இதைச் சொல்ல வந்தவரும் நம் ஏட்டையாதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "நானும் விடலையே தாயி. 'அப்ப முத்தம்மா வீடு மட்டும் பூட்டியா கெடந்துச்சு சார்?'னு கேட்டுப்புட்டுத்தான் வந்தேன்."

கடைசியாக

வழக்கிலிருந்து அக்கா பெயர் நீங்கிய வாரம், டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். அக்காவின் போன் அடித்தது; ஸ்பீக்கரில் மேனேஜர். "நடந்தது நடந்துபோச்சு முத்தம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துரு." அந்த ஹோட்டலில் வேலை முடிந்து கிளம்பும் பெண்கள், தினமும் வாசலில் தங்கள் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

நாங்கள் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பக்கம் பக்கமாக எழுதியதை, அக்கா நிறுத்தம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்: "வாரேன் சார். சாயங்காலம் வாசல்ல மொதல்ல ஒங்க பையக் கொட்டுங்க, அப்புறம் நாங் கொட்டுறேன்."