அப்பாவுக்கும் ஒரு மாலை

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். நாலாம் வகுப்பில் எனக்கிருந்த வாய்க்கு நான் குமாரபாளையம் முழுவதையும் பிழைக்க வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பெரியப்பாவுக்கு முதுகுவலி. சேலத்தில் அரசாங்க உத்தியோகம். உட்கார்ந்து வேலை பார்க்கவே கூடாதென்று டாக்டர் சொல்ல, ஐந்து வருடம் மீதியிருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அடேயப்பா, என்ன விழா! ஆளுயர மாலை, சால்வை, ஜிலேபி. வீடுவரை காரில் கொண்டுவந்து விட்டார்கள். மாதாமாதம் பென்ஷன் வரும் என்று பெரியம்மா எல்லோரிடமும் சொன்னாள். நான் ஜிலேபியில் கவனமாக இருந்தேன்.

அடுத்த மாதமே அப்பாவுக்கு இளைப்பு முற்றியது. பெரியப்பாவைவிடப் பத்து வயது இளையவர். பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்துவிட்டது, இனித் தறிப்பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். அப்பா சோறு கொண்டுபோன தூக்குப்போசியோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். மறுநாள் அவருடைய நாலு தறியிலும் அம்மா போய் நின்றாள். ஓட்டுகிறவர் படுத்துவிட்டால், எழுந்து வரும்வரை வீட்டிலிருந்து ஒருவர் மாற்றாளாக நிற்கலாம், அது வழக்கம். நிரந்தரமாக என்றால் எங்கள் பட்டறையில் பெண்ணுக்குத் தறி தரமாட்டார்கள். நைட் ஷிப்டுக்கு ஆகாதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"எங்கப்பாவுக்கு ஏனுங்க மாலை போடல?"

"மாலை எதுக்கு சாமி? காய்ச்சல்தான், ஒரு வாரத்துல வந்துருவாப்லன்னு உங்கம்மா சொல்லுச்சே."

"காய்ச்சல் இல்லீங்க. இனிமே தறிப்பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. எங்க பெரியப்பாவ கார்லயே கொண்டாந்து உட்டாங்க, தெரியுமுங்களா?"

இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். தறிச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலமே ரோஜா மாலையும் புதுத்துண்டும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒடம்பப் பாத்துக்கப்பா. தறியப் பத்திக் கவலைய உடு, வேற ஆள் சொல்லிட்டேன்" என்று அப்பாவின் கழுத்தில் மாலையைப் போட்டார்.

அப்பா இருமிக்கொண்டே குனிந்து வாங்கிக்கொண்டார். புதுத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன். அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். யாரும் கை தட்டாததால் எல்லோருக்கும் சேர்த்து நானே தட்டினேன்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. விழா நடந்தால் வீட்டில் எல்லோருக்கும் லீவு விடுவார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.